கேட்க மறந்த குளம்

பொன்னாடையை வாங்கி வந்தவள் நான்தான். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ஒரு புடைவைக் கடையில், சிவப்புக் கரை வைத்த ஒன்று. "ஆருக்குப் பிள்ளை, புது மாப்பிள்ளைக்கோ?" என்று கடைக்காரர் கேட்டார். கவுன்சிலருக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. நல்லதாக இன்னொன்று உள்ளே இருக்கிறது என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்களில் எவருக்கும் அது சிரிப்பாகப் படவில்லை. பெரிய மனிதரிடம் ஒன்று கேட்கப் போகிறோம், வெறுங்கையோடு போகக் கூடாது, அவ்வளவுதான்.

கேட்கப் போனது ஒரு நீச்சல் குளத்தை. சரியாகச் சொன்னால், அந்தக் குளத்தில் கிழமைக்கு ஒரு மணித்தியாலத்தை.

அக்கா என்னோடு கோட்-டெ-நெய்ஜ்ஜில் இருந்தாள். கனடாவுக்கு வந்த நாள் முதல் ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைத்து, இரண்டு முழங்காலையும் அங்கேயே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள். மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வலி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சுடுதண்ணீருக்குள் நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னார். எங்களிடம் இருந்தது ஒரு குளியல் தொட்டி. அதில் உட்காரலாம், நடக்க முடியாது.

அதற்குச் சற்று முன்புதான் மாகாண அரசு ஒரு சட்டம் போட்டு, மொன்றியல் தீவில் தனித்தனியாக இருந்த சிற்றூர்களையெல்லாம் மொன்றியலோடு சேர்த்து ஒரே நகரமாக்கியிருந்தது. பேப்பர்களில் பெரிய சண்டை. நான் ஒரு கார்தெரியில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் இருந்தேன். பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் பெற்றோர்கூட வாசலில் நின்று அதையே கதைத்தார்கள். எங்களுக்கோ சட்டம் சட்டமாகத் தெரியவில்லை, குளமாகத் தெரிந்தது. பஸ்ஸில் சில தரிப்புகள் தள்ளி, பெரிய மரங்களும் பூட்டாத கதவுகளும் உள்ள ஓர் ஊர். அங்கே வெதுவெதுப்பான தண்ணீரோடு ஒரு குளம் இருந்தது, அந்த ஊராருக்கு மட்டும். சேர்த்த பிறகு நாங்களும் அந்த ஊரார் ஆகிவிட்டோம். நகர அட்டையைக் காட்டினால் உள்ளே விட்டார்கள். எங்கள் மாதா கோயில் பெண்கள் சேர்ந்து கேட்டதில், சனிக்கிழமை காலையில் திரையை இழுத்துவிட்டு, பெண்களுக்கென்று ஒரு மணித்தியாலமும் தந்தார்கள்.

முதல் நாள் அக்கா வீட்டுச் சட்டையோடு இறங்கப் பார்த்தாள். கரையில் காவலுக்கு நின்ற பெண் தடுக்க ஓடி வந்தாள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. பிறகு முழங்கை வரை மூடுகிற கறுப்பு நீச்சல் உடை ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து, "நீர்க்காகம் மாதிரி இருக்கிறன்" என்று தானே சிரித்தாள். தண்ணீருக்குள் இறங்கியதும் சிரிப்பு நின்றது. அவள் முகத்தில் இருந்து எதுவோ கழன்று விழுந்ததுபோல இருந்தது. "எடி, நோகேல்லை" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை பஸ்ஸும் ஏறத் தயாராக இருந்தேன்.

பெண்கள் வரிசையாகச் செபமாலை சொல்லிக்கொண்டே நடப்பார்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவதற்குள் செபமாலையில் பத்து மணி உருளும். முன்னால் மன்னார் ரீச்சர், பின்னால் அக்கா. ரீச்சர் மன்னாரில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர், இங்கே ஆஸ்பத்திரி சலவையில் நின்றார். அவருடைய முழங்கால் அக்காவுடையதைவிட மோசம். வாயால் சொல்ல மாட்டார். கரையேறும்போது கைப்பிடியைப் பிடிக்கிற பிடியில் தெரியும்.

பிறகு ஆட்சி மாறியது. சேர்த்த ஊர்கள் விரும்பினால் வாக்கெடுத்துப் பிரிந்து போகலாம் என்று புதிய அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. வாக்கு அந்தந்தப் பழைய ஊரில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். பேப்பரில் படித்ததை அக்காவுக்குச் சொன்னேன்.

"அப்ப எங்களுக்கு வோட்டு இல்லையோ?"

"இல்லை."

"குளத்தில நடக்கிறது நாங்களெல்லோ" என்றாள்.

விஷயத்தைக் கோயில் சங்கத்தில் சொன்னேன். அங்கேதான் காரியம் பிழையாகப் போனது. எங்கள் சங்கத் தலைவர் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தை நடத்தியவர், மைக்கைக் கண்டால் கண் கலங்குகிறவர். அந்த ஊர்ச் சபையின் மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்று நான் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் போவோம், சேலை கட்டிக்கொண்டு போவோம், அந்த நல்ல மனிதருக்குப் பொன்னாடை போர்த்துவோம் என்றார்.

அந்த நல்ல மனிதர் அந்த ஊரின் கவுன்சிலர். வெள்ளைத் தலை, மெல்லிய குரல். எங்கள் கிறிஸ்து பிறப்பு நத்தார் ஒன்றுகூடலுக்கு வந்து, மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டு, உறைப்பில் மூக்கு ஒழுகத் தண்ணீர் குடித்து, "வணக்கம்" என்று சொல்லிக் காட்டியவர். பிரிந்து போக வேண்டும் என்று நின்றவர்களில் அவரும் ஒருவர். பிரிவதற்கு வாக்களியுங்கள் என்று ஊரெல்லாம் புல்வெளிகளில் பலகை நட்டிருந்தார்கள்.

"அண்ணை, அவர் பிரியவேணும் எண்டு நிக்கிறவர்" என்றேன்.

"அது அவற்ற கொள்கை பிள்ளை. மரியாதை வேற, கொள்கை வேற."

"கேள்வி நேரம் அண்ணை. ஒராளுக்குக் கொஞ்ச நேரம்தான் தருவினம். நேர கேள்வியைக் கேக்கவேணும்."

"வணக்கம் சொல்லாமக் கேள்வி கேக்கிறதோ? வட்டிக்காரன் வீட்டுவாசல்ல நிண்டு கத்திற மாதிரியோ?"

பொன்னாடை வாங்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

கூட்டம் நடந்த மண்டபம் சிறியது. தரைவிரிப்பு, மரக் கதிரைகள், மேசையில் ஒரு சின்ன மணி. நாங்கள் பட்டுச் சேலைகளுக்கு மேல் குளிர் அங்கிகளோடு உள்ளே போனபோது முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து இடம் தந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர் வழிதவறி வந்ததாக நினைத்திருப்பார்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் குப்பை வண்டியைப் பற்றிக் கேட்டார். இரண்டு வசனம். பதில் வந்தது, உட்கார்ந்துவிட்டார். இன்னொரு பெண் தன் வீட்டு முன் மரத்தைப் பற்றிக் கேட்டாள். அதுவும் இரண்டு வசனம்.

எங்கள் முறை வந்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று பிரெஞ்சில் சொன்னேன். மதிப்புக்குரிய சபைத் தலைவர் அவர்களே என்றார். சொன்னேன். கவுன்சிலர்களைத் தனித்தனியாக விளித்தார். சொன்னேன். ஊழியர்களை, வந்திருந்த பெரியோரை, தாய்மாரை விளித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அகதியாக வந்த எங்களை வாழவைத்த இந்தத் திருநாட்டுக்கு நன்றி என்றார். "பிறகு, அண்ணை, குளம்" என்று முணுமுணுத்தேன். கையால் அமர்த்தினார். எங்கள் நத்தார் விழாவைச் சிறப்பித்த பெருந்தகையைப் பற்றித் தொடங்கினார். அப்போது மணி அடித்தது.

சபைத் தலைவி பொறுமையாகத்தான் கேட்டாள், உங்கள் கேள்வி என்ன என்று. அதைத் தமிழில் நான் சொல்லி முடிப்பதற்குள் தலைவர் கண்ணைக் காட்ட, அக்கா பொன்னாடையோடு எழுந்துவிட்டாள். எங்கள் ஆட்களில் அதிகம் வலி உள்ளவள் என்று நினைத்து அவளைத்தான் போர்த்தச் சொல்லியிருந்தார்கள். அவள் மேசை வரை நடந்து போக எடுத்த நேரத்தை அந்த மண்டபம் முழுவதும் மூச்சுவிடாமல் பார்த்தது. கவுன்சிலர் பதறிக்கொண்டு எழுந்து வந்து குனிந்தார். போர்த்தினாள். ஒருவர் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். எங்கள் ஆட்களும் தட்டினார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

கிழமைப் பேப்பரில் படம் வந்தது. பிரிவதற்காகப் பாடுபடுகிற கவுன்சிலர், தோளில் சிவப்புக் கரைப் பொன்னாடை, பக்கத்தில் என் அக்கா. கீழே எழுதியிருந்ததைப் படித்தால், அயலில் உள்ள புதுக் குடியேறிகளும் அவர் பக்கம்தான் என்று எவரும் நினைப்பார்கள். கார்தெரியில் ஒரு தாய் அதை எனக்குக் காட்டி, அழகான உடை என்றாள். மெர்சி என்றேன். வேறென்ன சொல்ல.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது தலைவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். எப்பிடிக் கை தட்டினவங்கள் பாத்தியளோ என்று எல்லோரையும் கேட்டார். அக்கா எனக்குப் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எடி, ஆரும் குளத்தைக் கேக்கேல்லையே" என்றாள் மெதுவாக.

கேட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திராது என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தச் சபைக்குக்கூட அதில் அதிகாரம் இல்லை. சட்டம் மாகாணத் தலைநகரான கியூபெக் நகரத்தில் எழுதப்பட்டது. ஆனால் குப்பை வண்டிக்காரர் கேட்டார், மரத்துக்காரி கேட்டாள். நாங்கள் மட்டும் கேட்கப் போய், கும்பிட்டுவிட்டு வந்தோம்.

மசோதா சட்டமானது. அடுத்த கோடையில் வாக்கெடுத்தார்கள், ஊர் பிரிய முடிவெடுத்தது. உடனே நடந்துவிடவில்லை, ஒன்றரை வருஷம் இழுத்தது. எது யாருக்கு என்று பிரித்த விதத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. பொலிஸும் தீயணைப்பும் தண்ணீர்க் குழாயும் தீவு முழுவதற்கும் பொது. நூலகம், பூங்கா, நீச்சல் குளம் அந்தந்த ஊருக்கு. குழாய்க்குள் இருக்கும்வரை அது எங்கள் தண்ணீரும்தான், குளத்துக்குள் விழுந்ததும் அவர்களுடையது. கடைசிச் சனிக்கிழமை ரீச்சர் செபமாலையை வழக்கத்தைவிட ஆறுதலாகச் சொன்னார். முடிந்த பிறகும் ஒருவரும் கரையேறவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அக்கா மாடிப்படியில் ஒரு பக்கமாகத் திரும்பி இறங்கப் பழகினாள். பிறகு இறங்குவதையே குறைத்துக்கொண்டாள். அப்போதுதான் கவுன்சிலர் தொலைபேசியில் கூப்பிட்டார். மண்டபத்தில் அவள் நடந்து வந்ததை அவர் மறக்கவில்லையாம். ஊராருக்கு விருந்தாளியைக் கூட்டிவரும் உரிமை உண்டாம். தன் விருந்தாளியாக அக்கா எப்போதும் வரலாம், துணைக்கு நானும் வரலாம் என்றார். குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தொலைபேசியை வைத்திருப்பேன்.

"ரீச்சரையும் கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டு கேள்" என்றாள் அக்கா.

"கேட்டு உனக்கும் இல்லாமப் போனா?"

நான் திரும்ப அழைத்துக் கேட்கவில்லை. ஆக, அதையும் கேட்காமல் விட்டோம்.

போனோம். முன்பு அட்டையைக் காட்டிவிட்டு விறுவிறென்று உள்ளே போவோம். இப்போது வாசல் மேசையில் நின்று அந்த மனிதரின் பெயரைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் ஒரு பாண் வாங்கத் தெரியாத என் அக்கா அந்தப் பெயரை மட்டும் பிசகாமல் சொல்லப் பழகினாள். "ஆ, மெசியே கவுன்சிலரின் விருந்தாளிகள்" என்று மேசையில் இருக்கும் பெண் சத்தமாகச் சொல்லுவாள், மரியாதையாகத்தான். அக்கா தோளில் கிடக்கும் துவாயைத் தலைக்கு மேலே இழுத்துக்கொள்ளுவாள். தண்ணீருக்குள் செபமாலை சொல்வதை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "மற்றவன்ர வீட்டில நிண்டு சத்தமாச் செபிக்கிறதோ" என்றாள்.

ஒரு நாள் அவரே குளக்கரைக்கு வந்தார். அக்கா படியில் ஏறிக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே "வணக்கம்" என்றார். ஈர உடையோடு, நடுப்படியில், கைப்பிடியை விட்டுவிட்டு அவள் இரண்டு கையையும் கூப்பினாள். நான் பாய்ந்து பிடித்திராவிட்டால் விழுந்திருப்பாள். அவர் மகிழ்ச்சியோடு திருப்பிக் கும்பிட்டார். எனக்கு வந்த வெட்கத்தை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை. அவர் மேல் போட முடியாது, அவள் மேலும் முடியாது.

சங்கத்தில் ஒருவருக்கும் நாங்கள் சொல்லவில்லை. சனிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்றால் கிளினிக் என்போம். அக்கா இந்தப் பொய்க்காகக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாளா என்று நான் கேட்டதில்லை.

மாசி மாதக் காலை ஒன்றில் குளத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். தரிப்பில் நின்றபோது அக்காவின் ஈரத் தலைமயிர் தொப்பிக்கு வெளியே உறைந்து குச்சி குச்சியாக நின்றது. முன் இருக்கையில் ரீச்சர், மடியில் மரக்கறிப் பை. எழும்ப முயன்றார். முழங்கால் விடவில்லை. அதனால் நகர்ந்து இடம் தந்தார்.

"எங்க போட்டு வாறியள்?"

"கிளினிக்குக்கு" என்றாள் அக்கா.

"ஓம், ஓம்" என்றார் ரீச்சர். அக்காவின் தலையையும் பார்த்தார், என் கையில் இருந்த பையையும் பார்த்தார். குளத்துக் குளோரின் மணம் எங்கள் இரண்டு பேரிலும் இருந்தது. தன் தரிப்பு வந்ததும் ரீச்சர் கம்பியைப் பிடித்து எழுந்தார். நான் தாங்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அக்காவின் பக்கம் குனிந்து, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்டார்.

"தண்ணி இப்பவும் அந்தச் சூடுதானோ?"