ஆறாம் ஆண்டு முடியட்டும்

ஆபீஸ் வேலை பார்த்த என் சிநேகிதிகளை அறுபது வயது ஆனதும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு விருந்து, ஒரு சுவர்க்கடிகாரம், முடிந்தது. எனக்கு யார் சொல்வது? கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கில் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் என்னுடையது. முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான்.

நானும் விடப் பார்க்காமல் இல்லை. வண்டியில் இருக்கும் பிள்ளைகள் ஆறாம் ஆண்டோடு தொடக்கப்பள்ளியை முடிக்கட்டும், அத்தோடு சரி என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொள்வேன். ஆனால் அக்காள் இறங்கினால் தம்பி ஏறுவான். ஆன்டி இருக்கும்போது வேறு வேனா என்று அம்மாக்கள் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. முழங்கால் வலி அந்த நிமிடமே பறந்துவிடும். மறுநாள் கிளட்சை மிதிக்கும்போது திரும்பி வந்துவிடும். இப்படியே அறுபத்தாறு வயதாகிவிட்டது.

வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு கடைசி சீட் வரை போய், கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவோம். மதிய வெயிலில் சின்னதுகள் அசந்து தூங்கிவிடும். சீட்டுக்கு அடியில் சுருண்டு கிடந்தால் கண்ணாடியில் தெரியாது. பூட்டிய வேனுக்குள் பிள்ளை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருடம் ஒரு மதியம் வீட்டில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேனா? நேற்றுப் பார்த்தது ஞாபகம் வந்தது. இன்றைக்குப் பார்த்தது வரவே இல்லை. அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வலிக்கிற முழங்காலோடு படியில் இறங்கினேன். அவசரத்தில் சாவி நுழைய மாட்டேன் என்றது.

வேன் காலியாக இருந்தது. ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் கிடந்தது. அப்படியும் நம்பாமல் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் கையை விட்டுத் தடவினேன். பிறகு அந்த அனலிலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, நல்லவேளை என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எழுந்தபோது முடிவு செய்தாகிவிட்டது. இந்த வருடக் கடைசியோடு சரி.

பெற்றோரிடம் சொல்வதுதான் பயமாக இருந்தது. அதிலும் ஒருத்தி, மூத்த இரண்டையும் என் வேனிலேயே அனுப்பிப் படிக்கவைத்தவள். கடைக்குட்டி அப்போதுதான் இரண்டாம் ஆண்டு. மல்லுக்கு நிற்பாள் என்று நினைத்து, பதிலையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அன்று மதியம் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்டி. உங்களுக்கு வயசாயிருச்சேன்னு எங்களுக்கும் பயம்தான், எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தோம். வேற வேன் பார்த்தா நீங்க மனசு ஒடிஞ்சி போயிருவீங்க லா. அதான் இந்த வருஷம் பூரா அவரு காலையில மோட்டார் சைக்கிள்ல உங்க வேன் பின்னாலயே ஸ்கூல் வரைக்கும் வராரு."

சுருக்கென்றது. அவள் கணவர் வேலைக்குக் கிள்ளான் போகிறவர். பள்ளி இருப்பது அதற்கு எதிர்த் திசையில். இவர்களுக்காக நான் வேன் ஓட்டியிருக்கிறேன், எனக்காக இவர்கள் பிள்ளையை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். நல்ல கூத்து.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமேமா" என்றேன். திட்டத்தான் வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். உடம்பே லேசாகிவிட்டது.

ஹெல்மெட்டுக்குள் யாரென்று தெரியாமல், இந்த மோட்டார்க்காரன் ஏன் தினமும் ஒட்டிக்கொண்டே வருகிறான் என்று கண்ணாடியைப் பார்த்து நான் வாய்க்கு வந்தபடி திட்டிய காலைகள் உண்டு. பாவம், அந்த மனிதர் என் வேனில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் காவல் வந்திருக்கிறார். எனக்கும் சேர்த்துத்தான்.