மைக்கறை அட்டைகளும் ஒரு குளிகாரரும்

மொத்தம் பத்து அட்டைகள். ஐந்து வெறும் கறுப்பு, இரண்டு கறுப்பும் சிவப்பும், மூன்று பல வண்ணம். மையைக் கொட்டிக் காகிதத்தை நடுவில் மடித்து அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஒரு கறை விழுமே, ஒவ்வொரு அட்டையிலும் அதுதான். அந்தக் கறையைப் பார்த்து ஒருவன் சொல்வதை வைத்து, அவன் எப்படிப்பட்டவன், அவன் மனத்தின் அடியில் என்ன கிடக்கிறது, அவனை நம்பி வேலை கொடுக்கலாமா என்றெல்லாம் கண்டுபிடித்துவிடலாம் என்றார்கள். எனக்கு எண்பத்து மூன்று வயதாகிறது. இன்றுவரை அது எனக்குச் செரிக்கவில்லை.

யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. பெரிய துறைமுகம் வராத காலம். கப்பல்கள் தொலைவில் கடலிலேயே நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். அவை வந்து அணையக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு ஜெட்டி இருந்தது. நாலு வரிசை, வரிசைக்குப் பதினாறு, ஆக அறுபத்து நாலு மரத்தூண். தூண்களைக் கடல்புழு தின்றுகொண்டிருந்தது. தண்ணீருக்குள் போய் ஒவ்வொரு தூணையும் பார்த்து, எது நல்லது, எது அரித்துவிட்டது என்று சொல்ல நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்று தலைமை ஆபீஸ் உத்தரவு போட்டது.

ஏழு பேர் வந்தார்கள். எங்கள் என்ஜினீயர் அறுபத்து நாலு தூண்களுக்கு நடுவே ஐந்து இரும்பு போல்ட்டுகளைப் போட்டுவிட்டு, எடுத்து வாருங்கள் என்றார். ஒருவன் இரண்டு எடுத்தான், ஒருவன் மூன்று. ஒருவன் ஏணியை விட்டே இறங்கவில்லை. கடைசியாகப் போனவர் ஆறு எடுத்து வந்தார். ஆறாவது, போன வருஷம் பாரம் தூக்கும்போது கழன்று விழுந்த கொக்கி. என்ஜினீயர் சிரித்துக்கொண்டே, “இதை நான் போடலியே” என்றார்.

“போட்டது யாருன்னு தெரியாது சார். அங்கன கெடந்துச்சு, எடுத்தாந்தேன்” என்றார் அவர்.

அவர் சங்கு குளிக்கிறவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் குளிகாரர். வயது நாற்பதை நெருங்கியிருக்கும். முத்துக்குளிப்பு நடந்து பல வருஷமாகியிருந்தது. ஆனாலும் கடலடியில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சர்க்கார் போட் அவ்வப்போது போகும். சிப்பி விளையும் அந்த இடங்களைப் பார் என்பார்கள். பார் பார்க்கிற போட்டில் அவருக்கு எப்போதும் இடம் உண்டு. மற்ற நாளெல்லாம் சங்கு. எட்டுப் பாகம், ஒன்பது பாகம் ஆழம் (ஒரு பாகம் ஆறடி), நாளைக்கு முப்பது நாற்பது முறை. இடது காதில் இரத்தம் வர ஆரம்பித்திருந்தது. என்னிடமே காட்டினார், பஞ்சு வைத்திருந்தார். கம்பெனி டாக்டர், இன்னும் ஒரு பருவம் சங்குக்குப் போனால் அந்தக் காது போய்விடும், அடுத்தது வலது காது என்று சொல்லியிருந்தார். ஜெட்டியில் ஆழம் இரண்டு பாகம்தான். அங்கே காதுக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கு அந்த வேலை எதற்கு வேண்டியிருந்தது என்றால் அதற்குத்தான்.

என்ஜினீயர் அன்றே எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் தலைமை ஆபீஸ் மன ஆராய்ச்சி தெரிந்த ஓர் அதிகாரியை அனுப்பியிருந்தது. யுத்தத்தின்போது பட்டாள அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தவராம். வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. பெரிய தோல்பை, அதற்குள் பத்து அட்டை, ஒரு ஸ்டாப் வாட்ச். பொறுப்பான வேலைக்கு ஆள் எடுக்கும்போது மனத்தைப் பார்க்க வேண்டும், கையைப் பார்த்தால் போதாது என்று எங்கள் மானேஜருக்கு முக்கால் மணி நேரம் உபதேசம் செய்தார். மொழிபெயர்க்க என்னைப் போட்டார்கள். நான் இங்கிலீஷில் நன்றாகப் படித்தவன் என்று பெயர்.

ஏழு பேரில் அதிகாரியே பொறுக்கிய மூன்று பேர் அட்டைக்கு வந்தார்கள்; யார் எத்தனை போல்ட் எடுத்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. குளிகாரருக்கு முந்தி வந்தவன் ஒரு கடைப்பையன், ஏணியை விட்டு இறங்காத அதே ஆள். பத்து அட்டைக்கும் சேர்த்து இருபத்தாறு சாமான் சொன்னான். வௌவால், பட்டாம்பூச்சி, கரடி, தொப்பி, டான்ஸ் ஆடும் பெண்கள். அதிகாரி முகம் மலர்ந்து எழுதினார்.

பிறகு இவர் வந்தார். முதல் அட்டையை மேஜையில் வைத்ததும் என்னைப் பார்த்தார்.

“தம்பி, அவரு என்ன கேக்காரு?”

“இதுல என்ன தெரியுதுன்னு கேக்காரு அண்ணாச்சி.”

“தொடலாமா?”

அதிகாரி தலையசைத்தார். இவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை எடுத்தார். கட்டைவிரலால் கறையைத் தேய்த்தார். ஓரத்தைத் தடவினார். திருப்பிப் பின்பக்கத்தையும் தடவினார். பிறகு வைத்துவிட்டுச் சொன்னார்:

“காயிதம். கெட்டிக் காயிதம். மேல மை. காஞ்சு ரொம்ப நாளாச்சு.”

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி, மேகத்தைப் பார்த்தால் யானை போலத் தெரியும் அல்லவா, அதுபோலச் சொல்லச் சொல் என்றார். அதையும் சொன்னேன்.

“மேகத்துல யானையா? மேகத்தப் பாத்தா காத்து எங்கன இருந்து வருதுன்னு பாப்போம். யானைய எதுக்குத் தேடணும்?”

அதிகாரி நாலு வரி எழுதினார். இரண்டாவது அட்டையையும் இவர் எடுத்துத் தடவினார். “மை. ரெண்டு நெறம்.” மூன்றாவது, “அதே மைதான்.” நாலாவது, ஐந்தாவது, “மை.” ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். அந்த மரியாதைகூட அந்த மனிதர் கண்ணில் படவில்லை. ஸ்டாப் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து அட்டை முடிந்ததும் அதிகாரிக்கு டீ வந்தது. நான் இவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“அண்ணாச்சி, ஒரு பட்டாம்பூச்சின்னு சொல்லிட்டுப் போங்களேன். முன்னால வந்தவன் இருபத்தாறு சொல்லியிருக்கான்.”

“அவன் அதையெல்லாம் பாத்தானா?”

“பாக்கல. தோணிச்சு, சொன்னான்.”

“ஏலே தம்பி, நான் ஒம்பது வருசம் பார் பாக்கப் போயிருக்கேன். கீழ போயிட்டு வந்து நான் சொல்லுதத ஆபீசர் அப்படியே எழுதுவாரு. சிப்பி இருக்குன்னு சொன்னேன்னு வையி, குளிப்பு வைப்பாங்க. எந்தெந்த ஊருல இருந்தோ தோணி கெட்டிக்கிட்டு வருவான். தண்ணிக்குள்ள கண்ணு பொய் சொல்லும். கல்லு சிப்பி மாதிரி தெரியும். செத்த சிப்பி உசுரோட கெடக்க மாதிரி தெரியும். கை தொட்டாத்தான் உண்டு. தொடாதத ஒரு நாளும் நான் சொன்னதில்ல.”

“இது கடல் இல்லியே அண்ணாச்சி. வெறும் காயிதம்தான?”

“நானும் அதத்தான சொல்லுதேன், காயிதம்னு! நீதான் பட்டாம்பூச்சின்னு சொல்லுத!”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் இருந்த பஞ்சு கொஞ்சம் நிறம் மாறியிருந்தது.

உள்ளே போனோம். ஆறாவது அட்டை. தடவிப் பார்த்து, “மை” என்றார். நான் அதிகாரியிடம், “விரித்துப் போட்ட ஒரு திருக்கை மீன்” என்று இங்கிலீஷில் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக நான் பொய் சொன்னதில்லை. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழாவதற்கு இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். எட்டுக்கு ஏதோ மிருகம், ஒன்பதுக்கு நெருப்பு, பத்துக்கு நண்டுகள். ஐந்து பொய். ஐந்து முறையும் இவர் “மை” என்றுதான் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

இந்தப் பரீட்சைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்னால் வந்த இருவருக்கும் அதை மறுநாளைக்கென்று ஒதுக்கியிருந்தார். இவருக்கு நேரம் இருந்ததால் உடனேயே வைத்தார். அட்டைகளைத் திரும்ப எடுத்து, சொன்ன உருவம் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்ல வேண்டும். அதிகாரி ஆறாவது அட்டையை வைத்து, திருக்கையின் வால் எது என்று கேட்டார்.

“எதக் காட்டணும் தம்பி?”

“திருக்கை வால.”

“எந்தத் திருக்கை?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

“நீயா சொன்ன? நான் கீழ போயிட்டு வந்து இல்லன்னு சொல்லுதேன். நீ மேல இருந்துக்கிட்டு இருக்குன்னு எழுதச் சொல்லுதியோ? என் பேருலயா?” குரலை உயர்த்தவில்லை. “அவருகிட்ட சொல்லு. திருக்கை நீ சொன்னது. நான் சொன்னது மை.”

என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அதிகாரி பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் இங்கிலீஷில், “முதலில் திருக்கை என்றார், இப்போது இல்லை என்கிறார்” என்றேன். அது ஆறாவது பொய்.

“சொல்லிட்டியா?” என்று இவர் கேட்டார்.

“சொல்லிட்டேன் அண்ணாச்சி.” ஏழாவது.

“அதுக்குத்தான் சொல்லுதது, தொடாம பேசக் கூடாதுன்னு” என்று சொல்லிவிட்டு, அதோடு மன்னித்துவிட்டவர் போல என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். மீதி அட்டைகளை அதிகாரி திரும்ப எடுக்கவே இல்லை.

அறிக்கையை டைப் செய்ததும் நான்தான். பதினோரு வரி. கற்பனை வறண்டவர். முதல் ஐந்து அட்டைகளில் உயிருள்ள எதையும் காணவில்லை. கண்ணால் பார்க்க வேண்டியதைச் சிறு குழந்தை போலக் கையால் தடவுகிறார். சொன்னதை மறுக்கிறார், சந்தேகப் புத்தி உள்ளவர். பொறுப்பான வேலைக்கு ஏற்றவர் அல்லர். இதில் ‘சொன்னதை மறுக்கிறார்’ என்பதும் அதை ஒட்டி வந்த சந்தேகப் புத்தியும், ஆக இரண்டு வரி, என்னால் வந்தவை. மற்ற ஒன்பது வரியே அவரைத் தள்ளப் போதும் என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை.

ஆனால் அந்த ஒன்பது வரிக்கு யார் பதில் சொல்வது? கலங்கிய தண்ணீரில் கண் தெரியாத இடத்தில் தூணைத் தடவிப் பார்த்துச் சொல்லத்தானே ஆள் தேடினார்கள்? இல்லாததை இருக்கிறதென்று சொல்லாதவன்தானே வேண்டும்? அப்படி ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். பத்து முறை கையைத் துடைத்து, பத்து முறை தொட்டு, பத்து முறையும் உண்மையைச் சொன்னார். அதை வறட்சி என்று எழுதிய மனிதரின் மனத்துக்கு அடியில் என்ன கிடந்தது என்று பார்க்க ஓர் அட்டை உண்டா? படித்த படிப்பு, பட்டாளம் கொடுத்த பதவி, தோல்பை எல்லாம் இருந்தும் மையை மை என்று சொன்னவனைப் புரிந்துகொள்ள அவருக்குத் தெரியவில்லை. இந்தப் பரீட்சையில் சரி தவறு என்று எதுவும் கிடையாது என்று ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்லச் சொன்னார். நானும் மூன்று பேரிடமும் சொன்னேன். அந்தச் சொல்லை நம்பியவர் ஒருவர்தான்.

இப்போதும் கம்பெனிகளில் படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்கிறார்களாம், பாதி வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொல்கிறார்களாம். படித்த பிள்ளைகள் என்ன பதில் சொன்னால் வேலை கிடைக்கும் என்று முன்கூட்டியே பாடம் பண்ணிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் மனத்தைப் பார்த்துவிட்டதாக எதிரே இருப்பவர் நினைத்துக்கொள்கிறார்.

வேலை கடைப்பையனுக்குப் போனது. அவன் இடுப்பளவு தண்ணீரில் ஏணியில் நின்றபடியே கீழே எட்டிப் பார்ப்பான், ஏறி வந்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்பான். நான் அங்கே இருந்தவரை அவனுடைய அறிக்கைகள் பதினாலு டைப் செய்தேன். பதினாலிலும் ஒரே வாக்கியம். என்ஜினீயர் முதல் மூன்றைப் படித்தார், பிறகு படிப்பதையே விட்டுவிட்டார்.

மறு பருவம் முடிந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் கடற்கரை ரோட்டில் அவரைப் பார்த்தேன். சுவரில் உட்கார்ந்து தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து “அண்ணாச்சி” என்றேன். திரும்பவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். பிறகு தோளைத் தொட்டேன், அப்போதுதான் திரும்பினார்.

“யாரு, நம்ம பட்டாம்பூச்சித் தம்பியா? வா, உக்காரு!” ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னார். தான் சத்தம் போடுவது அவருக்குத் தெரியவில்லை.

இடது பக்கம் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். அவர் மறுபடி கடலைப் பார்த்தார். அன்றைக்கு அதிகாரியிடம் நான் என்ன சொன்னேன் என்பதைச் சொன்னேன். நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை, மாற்றிச் சொன்னேன், அது அறிக்கையில் ஏறியது, நான்தான் டைப் அடித்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இடது பக்கம் உட்கார்ந்துதான் சொன்னேன்.

என் வாய் அசைந்தது ஓரக்கண்ணில் பட்டிருக்க வேண்டும். திரும்பினார்.

“என்ன தம்பி சொன்ன? அந்தக் காது போயிட்டு. இங்கன வந்து சொல்லு” என்று வலது பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

எழுந்து போய் வலது பக்கம் உட்கார்ந்தேன். குனிந்து காதைக் கொடுத்தார்.

“சௌக்கியமான்னு கேட்டேன் அண்ணாச்சி” என்றேன்.

அது எட்டாவது.