இரசாயனம் இல்லாமலும் எஞ்சினியர் ஆகலாம் என்றார்கள்

கடந்த வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்குத் திரும்பும் ரயிலில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் கொதிக்கிறது.

நான் கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். அன்று டியூஷன் முடிந்து மகளும் என்னோடு வந்தாள். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தர வகுப்புத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மின்வெட்டு நாட்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்து அலுத்துப்போனவள் அவள். காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் எஞ்சினியர் ஆவேன் என்று அப்போதே பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்தாள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் அந்த ஆசையைச் சொல்லித்தான் எந்தப் பாடங்கள் எடுப்பது என்று கேட்டோம். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொழில்நுட்பம் என்றார். இரசாயனம் படிப்பிக்க ஆள் இல்லையாம். இரண்டும் ஒன்றுதான், கம்பியூட்டர் தெரிந்தால் எஞ்சினியருக்கு இன்னும் நல்லது என்றார். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

பேராதனையில் ஏறிய ஒரு பெண் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவி, விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறாள். மகள் விடுவாளா? கேள்வி மேல் கேள்வி. கடைசியில் தன் மூன்று பாடங்களையும் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி, இரசாயனம் இல்லாமல் எங்கட பீடத்துக்கு விண்ணப்பிக்கவே ஏலாது. ஆர் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

எனக்கு முதலில் கோபம் வந்தது அவள்மேல்தான். கம்பஸ் போய்விட்ட திமிர் என்று நினைத்தேன். வாத்தியாருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று வெடுக்கென்று கேட்டும்விட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

"என்னோடை கோவிக்காதேங்கோ அன்ரி. ஆனா திங்கக்கிழமையே பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ. பிந்தினால் மாத்தேலாமல் போயிடும்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அந்த ஆசிரியர் தெரியாமல் சொல்லியிருப்பார் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். பார்த்தால், அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது! கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுச் சாவகாசமாகப் பேசினார். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் வேறு பள்ளிக்கூடம் போய்விட்டால் இங்கே கணிதப் பிரிவையே மூடவேண்டி வருமாம்.

"எல்லாப் பிள்ளையும் எஞ்சினியராவா ஆகப்போகுது? நம்ம பிள்ளைக மூணு பாடம் பாஸ் பண்ணுனாலே பெரிய விஷயம்மா."

நம்ம பிள்ளைகளாம்! அவருடைய மகன் கண்டியில் பெரிய பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவில் படிப்பது ஊருக்கே தெரியும்.

"ஒங்க மகன் இரசாயனம் படிக்கிறாரே சார், அவருக்கு மட்டும் ரெண்டும் ஒண்ணு இல்லையா?" என்று கேட்டேன். அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கண்டியில் இரசாயனம் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நடையாய் நடந்தேன். இடமில்லை, வகுப்பு பாதி ஓடிவிட்டது, பிள்ளை தாக்குப்பிடிக்காது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் பள்ளிக்கூட அதிபருக்கு முன்னால் மகளே வாயைத் திறந்து, எனக்கு ஒரு தவணை, மூன்று மாதம் தாருங்கள், எட்டிப் பிடித்துவிடுவேன் என்றாள். சேர்த்துக்கொண்டார்கள். இப்போது காலை ரயிலில் நின்றுகொண்டே படிக்கிறாள். தவறவிட்ட பாடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. வீணாய்ப்போன அந்த மாதங்களை யார் திருப்பித் தருவது?

ரயிலில் வந்த பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். நான் கடுகடுத்தும் அவள் சொல்லவேண்டியதைச் சொன்னாள், அவள் நன்றாக இருக்கவேண்டும். இங்கே ஆசிரியர் இல்லையம்மா, வேறு இடம் பாருங்கள் என்று அந்த மனிதரும் சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். என் மகள் படிப்பில் அவ்வளவு தூரம் போகமாட்டாள் என்று எங்களைக் கேட்காமலே அவர் முடிவு கட்டினாரே, அதை அவள் எஞ்சினியராகி வந்து நின்றாலும் நான் மன்னிக்கமாட்டேன்.