ஆசிக்கின் பெயர் இருந்த வரி

கள்ளிக்குப்பத்து முகமது ஆசிக்கைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்கமாட்டான். "பில் மெஷின் பாய்" என்று கேளுங்கள், எந்த மளிகைக் கடைக்காரரும் போன் நம்பர் தருவார். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை பில் போடும் மெஷின் எங்கே மக்கர் பண்ணினாலும் பைக்கில் வந்து நிற்பான். டீ வாங்கித் தருவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள், பெயரை மட்டும் யாரும் கேட்டதில்லை. அவனும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். நினைத்தான்.

அந்த மெஷின்களுக்கு ஒரு வியாதி இருந்தது, தமிழ் ஒழுங்காக வராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து வரும். கொத்தமல்லி வாங்கின ஒரு அம்மாள் பில்லைப் பார்த்து, "இன்னாய்யா இது, கோழி கிளறின மாதிரி கீது" என்று கடைக்காரரைக் கேட்டாள். கடைக்காரர் ஆசிக்கைத் திட்டினார். ஆசிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆவடி பாலிடெக்னிக்கில் அரைகுறையாகக் கற்ற புரோகிராமிங்கைத் தூசி தட்டி எடுத்து, ஒன்றரை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, தமிழ் எழுத்தைப் புள்ளிப் புள்ளியாக வரைந்து மெஷினுக்கு ஊட்டுகிற ஒரு புரோகிராமை எழுதி முடித்தான். அன்றிலிருந்து கொத்தமல்லி கொத்தமல்லியாகவே வந்தது.

அதை முதலில் காட்டியது அருளிடம். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. இப்போது ஐ.டி. வேலை, வானகரத்தில் ஃபிளாட்.

"இத சும்மா வெச்சிகினு இன்னா பண்ணப்போற மச்சான்? ஓப்பன் சோர்ஸா நெட்ல போட்டுடலாம். எவன் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். ஒரே கண்டிஷன். உன் பேரு கீற லைசென்ஸ் ஃபைல் மட்டும் கூடவே போவணும், அத எவனும் தூக்கக் கூடாது."

"காசு?"

"காசு கெடையாது. பேருதான்."

"போட்றா" என்றான் ஆசிக்.

திரையில் அந்த வரி ஏறியதும் ஐந்து தடவை படித்தான். காப்புரிமை, வருஷம், முகமது ஆசிக். அதைப் போட்ட நெட் கணக்கு அருளுடையது. ஆசிக் நாள் முழுக்க ரோட்டில் இருக்கிறவன், இந்த நெட் சமாச்சாரத்தை யார் கவனிப்பது? பூட்டும் சாவியும் அருளிடமே இருந்தன. நம்பாமல் என்ன? ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வானகரம்வரை கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம்.

ஐந்து வருஷம் போயிற்று. அண்ணனூரில் திருவேங்கடம் என்பவரின் கடைக்குப் புது மாதிரி மெஷின் ஒன்று வந்தது. தொடுதிரை வைத்தது, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு. தமிழ் கண்ணாடி மாதிரி விழுந்தது. ஆசிக் பில்லைக் கிழித்துப் பார்த்தான். 'ழ'வின் வாலில் ஒரு புள்ளி குறைந்திருந்தது. அது அவன் செய்த தப்பு, திருத்தாமலே விட்ட தப்பு. பெற்ற பிள்ளையை மச்சத்தை வைத்து அடையாளம் கண்டது போல இருந்தது அவனுக்கு.

இந்த மாதிரி மெஷினில், யார் யார் எழுதிய புரோகிராம் உள்ளே இருக்கிறது என்று ஒரு பக்கம் இருக்கும். ஒருத்தரும் படிக்காத பக்கம். ஆசிக் தள்ளித் தள்ளிப் போனான், நூற்றுக்கணக்கில் பெயர்கள். கடைசியில் அவன் புரோகிராம் வந்தது. அதன் கீழே காப்புரிமை அருளுக்கு என்றிருந்தது.

கம்பெனிக்காரன் கை வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தான். அங்கேயே நின்று அருளுக்குப் போன் போட்டான்.

அருள் எந்தக் கடை, எந்த மெஷின் என்று விசாரித்தான். "தப்பா போட்டுட்டாங்க போல மச்சான். நான் லெட்டர் எழுதறேன். நீ ஒண்ணும் பண்ணாத."

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாயிற்று. இரண்டு மாதம் ஓடியது. கேட்கும்போதெல்லாம், "லீகல் டீம்ல கீதாம் மச்சான்." பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஆசிக் ஒருநாள் தானே எஸ்டேட்டுக்குப் போய்விட்டான்.

அந்தப் பெயர்ப் பட்டியலைத் தொகுக்கிறவள் மதிவதனி என்ற பெண். பொறுமையாகக் கேட்டாள்.

"எங்களுக்கு எந்த லெட்டரும் வரல சார். நாங்க ஒரு எழுத்துகூட மாத்தறதில்ல. நெட்ல எடுக்கிற புரோகிராமோட வர்ற லைசென்ஸ் ஃபைல அப்படியே எடுத்துப் போடறதுதான் என் வேலை. பாருங்க."

திரையைத் திருப்பினாள். அந்த ஃபைலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறு. சிவப்பில் முகமது ஆசிக், எடுத்தது. பச்சையில் அருள், சேர்த்தது. போன வருஷம் மார்ச் பத்தொன்பது, அருளின் கணக்கிலிருந்து. காரணம் எழுதும் இடத்தில், 'சிறு திருத்தம்'.

மார்ச் பத்தொன்பது ரம்ஜான் மாதம். அந்த வாரம்தான் கஞ்சி கொண்டுபோனான். அருள் இரண்டு டம்ளர் குடித்தான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம், அதற்குத் தேதியும் போட்டு வைப்பார்கள் என்று ஆசிக்குக்குத் தெரியாது. திருடியவன் யாரோ அந்நியன் என்று நம்பியிருந்த இரண்டு மாதமும் எவ்வளவு நிம்மதியானது என்று அப்போதுதான் புரிந்தது.

"பழைய ஃபைல்ல உங்க பேர் தெளிவா இருக்கு. ஒரு மெயில் போடுங்க, அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடறோம். அவருக்கும் இன்னிக்கே எழுதி விளக்கம் கேக்கறோம், அது எங்க ரூல்" என்றாள் மதிவதனி.

ஆசிக் உடனே மெயில் போடவில்லை. இரண்டு நாள் கழித்து, காலையிலேயே அருள் கள்ளிக்குப்பத்துக்கு வந்து நின்றான். கம்பெனி அவனிடம் விளக்கம் கேட்டிருந்தது. கையில் டைப் அடித்த தாள்.

"போன வருஷம் புது வேலைக்கு இன்டர்வியூ மச்சான். நானே எழுதினதுன்னு காட்டினேன். இப்ப டீம் லீடரா கீறேன். விஷயம் வெளிய வந்தா வேலை பூடும். நீயா மனசார எனக்குக் குடுத்துட்டேன்னு ஒரு கையெழுத்து போடு."

ஆசிக் தாளைக் கையில் வாங்கினான்.

"நீ மெஷின் ரிப்பேர் பண்ணிகினு ஊர் ஊரா சுத்தறவன். உனக்கு இந்தப் பேரு இன்னாத்துக்கு, சொல்லு?"

ஆசிக் தாளைப் படித்தான். முகமது ஆசிக், அப்பா பெயர், கதவு எண், தெரு, பின்கோடு. ஒரு எழுத்தும் பிசகவில்லை.

"என் பேரு இவ்ளோ கரெக்டா எழுதத் தெரிஞ்சுதான கீது உனக்கு" என்றான்.

தாளைத் திருப்பிக் கொடுத்தான். அருள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதிவதனிக்கு மெயிலை அனுப்பினான். அருள் தலை குனிந்து படியிறங்கிப் போனான்.

மறுமாதம் அப்டேட் வந்தது. பூந்தமல்லியில் ஒரு கடையில் சர்வீஸுக்குப் போனபோது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். முகமது ஆசிக் என்றிருந்தது. உடனே யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. போனை எடுத்தான். பழக்கதோஷத்தில் விரல் அருளின் நம்பருக்கே போனது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மெஷினில் புது பில் ரோலை மாட்டினான்.