பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டு

எம். புதுப்பட்டியில் எங்கள் தெருவில் வள்ளித்தாயிடம் ஏச்சு வாங்காதவர் கிடையாது. நானும் வாங்கியிருக்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் பல வருசம் என் பக்கத்தில் உட்கார்ந்து வெடிக்குத் திரி சொருகியவள். அவ்வளவு வாய் இருந்தும், ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டாள். நாங்களும் அப்படித்தான்.

காலையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோவோம். சாயங்காலம் அது நிறைந்தபடியே வீடு திரும்பும். கோழிக்கு ஊற்றுவோம், மிச்சத்தை வாசலில் தெளிப்போம். தீப்பிடித்துவிடக் கூடாதென்று வேலை அறைகளைச் சுற்றிப் புல் பூண்டில்லாமல் வெட்டி வைத்திருப்பார்கள். ஒதுங்க ஒரு செடி கிடையாது. ஆண்கள் வேலி தாண்டிப் போய்வருவார்கள். எங்களுக்கென்று கட்டிய கக்கூஸ் போர்மேன் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். அதனால் அந்த வெயிலிலும் தண்ணீரைத் தொடமாட்டோம். நீர்க்கடுப்பு வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வோம். இடுப்பு வலித்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவோம்.

2006 கோடையில் நர்சம்மா ஜெஸ்லின் ஊருக்குள் கூட்டம் போட்டார். படத்தைக் காட்டி, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். எல்லாரும் சமர்த்தாகத் தலையாட்டினோம். வள்ளித்தாய்க்குத்தான் பொறுக்கவில்லை. அவள் மகள் ரோஜா அந்த வருசம்தான் எங்களோடு வேலைக்கு வரத் தொடங்கியிருந்தாள்.

"குடிக்கச் சொல்லுதீக, சரி. குடிச்சிட்டு எங்கன போக? ஏம் மக நீர்க்கடுப்புல துடிக்கா நர்சம்மா."

ஜெஸ்லின் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

"நீங்களே சொல்லுங்கக்கா. என்ன செய்யலாம்?"

எங்களை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் எங்கள் தெருவுக்கு வந்துவிடுவார். எல்லாருக்கும் பரிசோதனை செய்ய ஏற்பாடு பண்ணினார். ரோஜாவுக்கு மாத்திரையில் சரியாயிற்று. வள்ளித்தாயை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. தண்ணீர் குடிக்காததும், கண்ட வலி மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை.

"எனக்குப் போனது போகட்டும். ரோசாவுக்குப் போகக் கூடாது" என்றாள். அழவில்லை. நாங்கள்தான் அழுதோம்.

ஜெஸ்லின் கம்பெனிக்கே போய்க் கேட்டார். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். அன்றைக்குத்தான் வள்ளித்தாய் எங்களைக் கூட்டி வைத்து அந்த யோசனையைச் சொன்னாள்.

மறுநாள் வேலைக்கு உட்கார்ந்ததும் எல்லாரும் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தோம். வள்ளித்தாய் மட்டும் குடிக்கவில்லை. அவளுக்கு டாக்டர் தண்ணீரை அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருந்தார். வெயில் ஏறுவதற்குள் அத்தனை பேரும் எழுந்துபோய்ப் போர்மேன் அறை முன்னால் வரிசையாக நின்றோம்.

"என்னங்கம்மா இது? லோடு நிக்கி!" என்று போர்மேன் சங்கிலிமுத்து பதறினார்.

"நிக்கட்டும் அண்ணாச்சி. எங்களுக்கு நிக்காது. சாவியக் குடுங்க" என்றாள் வள்ளித்தாய்.

அவரே பூட்டைத் திறந்து பெட்டிகளை வெளியே எறிந்தார். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீங்கிய காலோடு வரிசைக்கு முன்னால் நின்றிருந்த வள்ளித்தாயும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

பிறகு அவளால் வேலைக்கு வர முடியவில்லை. மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவாள். டம்ளரில் அளந்த தண்ணீரை நாள் முழுக்க வைத்துக் குடிப்பாள். உதடு வெடித்துக் கிடக்கும். ஆனாலும் சாயங்காலம் கம்பெனி வேன் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "ஏட்டி, பாட்டிலக் கவுத்துக் காட்டு" என்பாள். ஆளாளுக்குக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். தண்ணீர் சிந்தினால் தொலைந்தோம்.

தீபாவளி நெருக்கத்தில் ஆர்டர் அதிகம். ரோஜா ஒருநாள் அரைப் பாட்டில் தண்ணீரோடு இறங்கினாள். வள்ளித்தாய் அதை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். குடித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். குடிக்கட்டுமே என்றும் நினைத்தேன். அவள் பாட்டிலைக் கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்திருந்துவிட்டு மகளிடம் நீட்டினாள்.

"இங்கனயே நின்னு குடி. நான் பாக்கணும்."

ரோஜா அழுதுகொண்டே குடித்தாள். அவள் விழுங்க விழுங்க வள்ளித்தாயின் தொண்டையும் ஏறி இறங்கியது.

கார்த்திகையில் அவள் போய்விட்டாள். கடைசியில் ரோஜா வாயில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் கடைவாய் வழியே வழிந்துவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு சாவிதானே கேட்டோம். அதை முன்னமே கொடுத்திருக்கலாம்.