மலர் அமைச்சரான ஞாயிறு

மலருக்கு நாற்பத்தெட்டு வயது. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை. குடியிருப்பது கம்போங் மேடானில், பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒன்பதாவது மாடி. கணவர் வாசு லோரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் ஈப்போ, பினாங்கு என்று அலைச்சல்.

அடுத்தவர்களைப் போலச் செய்து காட்டுவது மலருக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. எந்த டாக்டர் எப்படி நடப்பார், எந்த மேனேஜர் எப்படித் தும்முவார் என்று மருத்துவமனை ஓய்வறையில் அவள் செய்துகாட்டினால், தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் புரையேறிவிடும். வெளியில் இது யாருக்கும் தெரியாது. மாப்பும் வாளியுமாகப் போகிறவளை யாரும் நின்று பார்ப்பதில்லை.

கோவிட் காலத்தில் மட்டும் பார்த்தார்கள். தொற்று வார்டில் வேலை என்று தெரிந்ததும், அவள் மின்தூக்கிக்குள் கால் வைத்தால் உள்ளே இருந்தவர்கள் இறங்கிப் போனார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் விஜயன் ஒருபடி மேலே போய், மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் படிக்கட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று ஓர் அறிவிப்பைத் தட்டச்சு செய்து, சங்க முத்திரையும் குத்தி மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். எட்டு மாதம் மலர் ஒன்பது மாடி ஏறி இறங்கினாள். யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மறக்கவும் இல்லை.

அதெல்லாம் முடிந்து சில வருடங்கள் கழித்து, ஐந்தாவது மாடி குகன் படம் எடுக்கக் கிளம்பினான். பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில்தான் படப்பிடிப்பு. படத்தின் பெயர் 'சங்கக் கிருமி'. கிள்ளானில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் விண்கல் விழுகிறது. அதிலிருந்து பரவும் கிருமி தொற்றியவனுக்கு உடனே ஒரு சங்கம் ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றும். மூன்று பேருக்குத் தொற்றினால் தலைவர், செயலாளர், பொருளாளர். நான்காவது ஆளுக்கும் தொற்றினால் சங்கம் இரண்டாக உடையும். கிருமியை ஒழிக்க அரசாங்கம் ஒரு குழு அமைக்கிறது. அந்தக் குழுவுக்கும் தொற்றிவிடுகிறது. விண்கல்லாக நடித்தது, தார் பூசிய பழைய மெத்தைப் பஞ்சு.

அப்படி ஒரு ஞாயிறு, காலை ஷிப்டுக்கு லீவு போட்டிருந்த மலர் பாசாரில் காய்கறி வாங்கித் திரும்பியபோது, கீழ்த்தளத்தில் நான்கு பேர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு விஞ்ஞானிகளாக நின்றுகொண்டிருந்தார்கள். கட்டடத்தின் இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று பல மாதமாகப் பழுது. அதுதான் ஆய்வுக்கூடம். மலர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"தம்பி, இப்படிப் போட்டீங்கன்னா இன்டர்வலுக்கு முன்னாடியே எல்லாரும் செத்துருவீங்க லா."

பக்கத்து ஹார்ட்வேர் கடையில், சுவருக்குச் சாயம் அடிப்பவர்கள் போடும் வெள்ளை உடுப்பை வாங்கிவரச் சொன்னாள். எதை முதலில் மாட்டுவது, எதைக் கடைசியில் கழற்றுவது என்று காட்டினாள். காட்டும்போதே, அந்தக் காலத்தில் வார்டைப் பார்வையிட வந்து, புகைப்படம் எடுத்து முடிந்ததும் ஓட்டமாக ஓடிய ஒரு பெரிய அதிகாரியையும் செய்து காட்டிவிட்டாள். குகன் அசந்துபோனான். சுகாதார அமைச்சராக நடிக்க வேண்டிய பெண், தனக்கு நிஜமாகவே காய்ச்சல் என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் செய்தி அனுப்பியிருந்தாள்.

பத்தே நிமிடத்தில் மலர் அமைச்சரானாள். யாருடைய கோட்டோ, யாருடைய கண்ணாடியோ. முகக்கவசத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. வாசுவே வந்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது.

சிவப்பு வெள்ளை நாடா கட்டி, வெள்ளை உடுப்பில் நான்கு பேர் ஒருவனைத் தூக்கிப்போகும் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். மேலே ஜன்னல்கள் சடசடவென்று சாத்தப்பட்டன. கீழே இருந்த கடையில் மேகி தீர்ந்துபோனது. சற்று நேரத்தில் தலைவர் விஜயன், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் செயலாளர் தங்கரத்தினம், கையில் சங்கக் கோப்போடு.

விஜயன் நேராக மலரிடம் வந்து, மூன்று அடி தள்ளி நின்றார்.

"மேடம், எங்க புளோக்ல எத்தன பேருக்கு?"

மலர், தூணுக்குப் பின்னால் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த குகனைப் பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவன் நிறுத்தச் சொல்லவில்லை.

"நீங்கதான் இங்க தலைவரா?"

"ஆமா மேடம். பதினோரு வருஷமா."

"பதினோரு வருஷமா? அப்ப முத்திப்போச்சு."

விஜயனின் நெற்றி வியர்த்தது. அடிக்கடி மீட்டிங் வைக்கத் தோன்றுகிறதா என்று மலர் கேட்டாள். நேற்றுகூட வைத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருகிறதா என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, சிரமமாகத்தான் இருக்கிறது என்றார். உடனே வீட்டுக்குப் போய்த் தனிமையில் இருக்க வேண்டும், மின்தூக்கியைத் தொடவே கூடாது, படிக்கட்டுதான் என்று அமைச்சர் உத்தரவிட்டார். விஜயன் வீடு பன்னிரண்டாவது மாடி.

அவர் முதல் மாடி வளைவைத் தாண்டவில்லை, தங்கரத்தினம் கோப்பைத் திறந்துவிட்டார். தலைவர் செயல்பட முடியாத நிலையில் பொறுப்பு செயலாளருக்கே என்று சட்டவிதியைச் சத்தமாக வாசித்தார். விஜயன் அங்கிருந்தே திரும்பி, தான் படியேறியபடியே செயல்பட்டுக்கொண்டிருப்பதாகக் கத்தினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கால் மணி நேரம் நடந்த அந்த வாக்குவாதத்தில் ஒரு வரிகூடக் குகன் எழுதியதில்லை.

மலர் உள்ளுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒரு பெண் கைக்குழந்தையும் துணிப்பையுமாக, நாடா கட்டிய பக்கம் பார்க்காமலே வாசலை நோக்கி ஓடுவதைக் கண்டாள். அந்த முகத்தில் இருந்த பயம் அவளுக்குத் தெரிந்த பயம். வார்டில் இரண்டு வருடம் பார்த்தது. சிரிப்பு நின்றுவிட்டது. பிளாஸ்டிக் தடுப்பையும் முகக்கவசத்தையும் கழற்றினாள்.

"ஓடாதீங்கம்மா, ஒண்ணுமில்ல. இது படம். நான்தான், ஒன்பதாவது மாடி மலர்."

அந்தப் பெண் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். விஜயன் கைப்பிடியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலை செய்யும் மின்தூக்கி பக்கமே போகாமல், ரோஷத்தோடு படியேறிப் போனார்.

சாயங்காலம் மலர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பன்னிரண்டாவது மாடிக்குப் போனாள். விஜயன் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முழங்கால் உயிர் போகிறது என்றார்.

"எட்டு மாசம் ஏறினா பழகிடும் அங்கிள்," என்றாள் மலர்.

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. உள்ளே திரும்பி மனைவியிடம் தேநீர் போடச் சொன்னார். மூவரும் பழத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். அந்த அறிவிப்புத் தாளைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அவள் எழுந்தபோது மின்தூக்கி வரை கூடவே வந்து, பொத்தானை அவரே அழுத்தினார். காலையில் தான் படியேறிய காட்சியைப் படத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தன் பெயருக்கு முன்னால் 'மதிப்புமிகு' போட வேண்டும் என்று குகனிடம் சொல்லச் சொன்னார். தன் பெயரும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று மறுநாள் தங்கரத்தினம் கடிதம் கொடுத்தார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய மண்டபத்தில் படம் போட்டார்கள். அறுபது நாற்காலி, அதற்கு மேல் கூட்டம். படிக்கட்டுக் காட்சிக்கு எழுந்த சிரிப்பில் வசனம் கேட்கவே இல்லை. விசேஷத்துக்குப் போடும் பாத்திக் சட்டையில் வந்திருந்த விஜயன் இடைவேளையில் சுற்றி நின்றவர்களிடம், அதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நடிப்பு, வியர்வை உட்பட, என்று விளக்கிக்கொண்டிருந்தார். மலர் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். வாசு மட்டும் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் இப்போது சில நர்சுகள் அவளை அமைச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அடுத்த படம் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றியது, அதிலும் பெரிய வேடம் தருகிறேன் என்று குகன் வந்து நின்றான். மலர் ஷிப்டு முடித்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள்.

"படம் பூரா படுத்தே இருக்கிற வேஷம் ஏதாவது இருந்தா சொல்லு தம்பி," என்றாள். "உடனே வரேன்."