சத்தம் வராத பாட்டு வகுப்பு

மகளுக்கு ஆறு வயது ஆனதும் பாட்டு வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று என் மனைவி முடிவு செய்தாள். நாங்கள் ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். கோவில்பதாகையில் ஒருவர் சொல்லிக் கொடுக்கிறார் என்று பக்கத்து பிளாக்கில் சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன்.

மாடியில் ஒற்றை அறை. வாத்தியாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றினேன்.

"நீங்க கீழ இருங்க சார். அப்பா அம்மா இருந்தா பிள்ளைங்க அவங்க முகத்தையேதான் பாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

எனக்குப் பிடிக்கவில்லை. தயாரித்து வரும் பாகங்களில் குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஃபேக்டரியில் என் வேலை. நல்லதாகத் தெரிவதையும் இரண்டு முறை திருப்பிப் பார்க்கும் புத்தி.

கீழ் வீட்டம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இன்னா சார், பாப்பாவ புதுசா சேத்துகினியா?" என்றார். ஆள் எப்படி என்று கேட்டேன். "வாடகைலாம் ஒழுங்காதான் குடுக்குறாரு. ஆனா யாராண்டயும் பேச மாட்டாரு. ஜன்னலு எப்பவும் மூடியேதான் கீது."

அதற்குப் பிறகு அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் மற்றப் பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் போனபின்பும் என் மகள் மட்டும் வரவில்லை. மேலே பாட்டுச் சத்தமும் இல்லை. நான் படியேறப் போகும்போது இறங்கி வந்தாள்.

"சார் என்னம்மா சொல்லிக்குடுத்தாரு?" என்று வண்டியில் கேட்டேன்.

"கண்ண மூடிக்கச் சொன்னாரு."

"அப்புறம்?"

"பின்னாடி நின்னுகிட்டு கூப்பிட்டாரு. கேட்டா திரும்பணுமாம்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். தொட்டாரா, மிரட்டினாரா, யாரிடமும் சொல்லாதே என்றாரா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். விஷயம் கேட்ட என் மனைவி, "இனிமே அனுப்ப வேணாம்" என்றாள். எனக்கு அப்படியே விட மனமில்லை. அந்த ஆள் என்ன செய்கிறான் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மனைவியைச் சமாதானப்படுத்திவிட்டு மகளைக் கூட்டிப் போனேன். மற்றப் பிள்ளைகள் இறங்கியதும் வெறுங்காலோடு மெதுவாக ஏறினேன். கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போடவில்லை.

மகள் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் அவளுக்குப் பின்னால், இடது பக்க மூலையில், நன்றாகத் தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். ஆனால் ஓடி வரவில்லை. பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டிவிட்டு, தாழ்ந்த குரலில் அவள் பெயரைக் கூப்பிட்டார். வாசலில் நின்ற எனக்கே கேட்டது. அவள் அசையவில்லை. வலது பக்கம் நகர்ந்து அதே குரலில் கூப்பிட்டார். சட்டென்று திரும்பினாள்.

"இடது காது சரியா கேக்கலைன்னு நினைக்கிறேன் சார்" என்றார். "வலது பக்கம் உக்காந்து பாடிக் காட்டினா சுருதி சேருது. இடது பக்கம் உக்காந்தா தலையைச் சாய்ச்சு என் வாயைப் பாக்குது."

"இத என்கிட்ட ஏன் சொல்லல?"

"எனக்கே நிச்சயமா தெரியல. தப்பா சொல்லிட்டா என்ன நினைப்பீங்களோன்னு பயந்தேன்."

"குழந்தையத் தனியா உக்கார வச்சதுக்கு என்ன நினைப்பேன்னு யோசிக்கலையா?"

மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். மாட்டிக்கொண்டதும் அந்த நேரத்தில் ஒரு கதை கட்டிவிட்டாரோ என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன்.

வீட்டில் அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது இடது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டோம். திரும்பவில்லை. கூப்பிட்டால் காதில் வாங்குவதே இல்லை என்று எத்தனையோ நாள் திட்டியிருக்கிறோம். மனைவி வலது பக்கம் போய் அதேபோலக் கூப்பிட்டாள். "என்னம்மா?" என்றாள் பிள்ளை. திங்கட்கிழமையே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

செவிப்பறைக்குப் பின்னால் நீர் கெட்டியாகத் தேங்கியிருக்கிறது என்றார் காது டாக்டர். மருந்தில் சரியாகவில்லை. சின்ன ஆபரேஷன் செய்தார்கள். காது திறந்ததும் அவள் எங்களிடம் முதலில் சொன்னது, "ஏன் எல்லாரும் கத்திக் கத்திப் பேசுறீங்க?" என்பதுதான்.

மறுபடியும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோது வாத்தியாருக்கு நன்றி சொன்னேன். கூடவே, "கதவு திறந்தே இருக்கட்டும் சார்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் சரி என்றார்.

இப்போது மேல்படியில் உட்காருகிறேன். அவர் நல்லவர் என்று தெரியும். என் பார்வை தன் முதுகில் இருப்பது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மகள் மற்றப் பிள்ளைகளைவிட உரக்கப் பாடுகிறாள்.